வேலுத்தாயின் பதினாறு கதிர்கள்

வேலுத்தாய் தினமும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நடந்து போய்விட்டு, அதே நடையில் திரும்பியும் வந்துவிடுகிறாள். அதுவும் ஒரு கல்லூரி மாடியில், முப்பதடி நீள அறை ஒன்றுக்குள்ளேயே. சரி, திரும்பி வருவதைக் கழித்துவிடலாம். சொல்கிற வாய் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். ஆனால் போகிற தூரத்தில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. இடப்பக்கம் எட்டுக் கம்ப்யூட்டர், வலப்பக்கம் எட்டுக் கம்ப்யூட்டர், நடுவில் ஓர் ஆள் போகிற சந்து. காலை எட்டரைக்கு அந்தச் சந்துக்குள் இறங்குகிறவள் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் கரை ஏறுகிறாள். அவளுக்கென்று போட்டிருக்கிற ஸ்டூலில் அவளுடைய தூக்குச்சட்டிதான் உட்கார்ந்திருக்கும்.

நடை சும்மா நடை இல்லை. இடது புறங்கை ஒவ்வொரு பெட்டியின் விலாவிலும் ஒரு கணம் படும். உள்ளே விசிறி சுற்றுகிற நடுக்கத்தில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் புறங்கைக்குத் தெரிந்துவிடுமாம். மூக்கையும் வாயையும் ஒரு ஈரிழைத் துண்டால் கட்டியிருப்பாள். இங்கே பஞ்சு பறக்கவில்லை, இது மில் இல்லை என்று கல்லூரியில் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். "தூசி தூசிதான சார். அது பஞ்சா இருந்தா என்ன, சாக்பீசா இருந்தா என்ன?" என்று துண்டுக்குள்ளிருந்து பதில் வரும்.

ஒன்பதாவது பெட்டியிடம் வந்ததும் நடை நிற்கும்.

"ஏட்டி, இன்னைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியா?"

பதினாறில் ஒன்பதாவது மட்டும் பெண். மற்ற பதினைந்தும் ஆண்கள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டால் கணக்காகப் பதில் சொல்வாள்: "அது ஒண்ணு கோவிச்சுக்கிட்டா மத்த பதினஞ்சும் வேலையப் போட்டுட்டு நிக்குதுகள்ல? பொறவு என்ன?" விஷயம் இதுதான். பதினாறும் ஒரே கேபிளில் கோத்தவை. பெட்டிக்குப் பெட்டி அந்தக் கேபிளில் ஒரு சின்ன உலோக மூட்டு. ஒரு மூட்டு தளர்ந்தால் வரிசை முழுக்கப் படுத்துவிடும். ஒன்பதாவதின் மூட்டுக்குத் தளர்வதே தொழில்.

வேலுத்தாய் பன்னிரண்டு வருஷம் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் சைடராக இருந்தவள். நூற்கிற பிரேமின் ஒரு பக்கம் முழுக்க ஒரு ஆளின் பொறுப்பு; அந்த ஆளுக்குத்தான் சைடர் என்று பெயர். நூலைச் சுற்றி எடுக்கிற கம்பிகள், அதாவது கதிர்கள், இருநூறுக்கு மேல் வரிசையாகச் சுழலும். எந்தக் கதிரில் இழை அறுந்தாலும் அங்கே போய்ப் பிடித்து ஒட்ட வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பத்தடி தள்ளி இன்னொன்று அறும். இப்படி ஷிப்டு முழுக்க நடந்து பழகிய காலுக்கு உட்காரச் சொன்னால் வலிக்கிறது.

தொண்ணூற்றொன்றில் மில் கதவை மூடியபோது இரண்டு சீதனம் கொடுத்து அனுப்பியது. ஒன்று, மந்தமான காது. அதனால் அவள் ரகசியம் பேசினாலும் ரெண்டு தெருவுக்குக் கேட்கும். இன்னொன்று, கூர்மையான கண். மில் இரைச்சலில் பேச்சு எடுபடாது. எதிர் வரிசையில் நிற்கிறவளின் உதட்டைப் பார்த்தே என்ன சொல்கிறாள் என்று படித்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் கல்யாணப் பேச்சு முதல் கத்தரிக்காய் விலை வரை அங்கே பரிமாறப்பட்டது. மேஸ்திரி தெலுங்கில் திட்டினால் மட்டும் உதடு புரியாது. அந்த மட்டில் நிம்மதி.

உதட்டுக்கும் எட்டாத தூரத்துக்கு விரல் பாஷை. ஒரு விரல் தூக்கினால், 'நானே பாத்துக்கிடுதேன்' என்று அர்த்தம். இரண்டு விரல் தூக்கினால், 'ஒத்தக் கையால ஆகாது, வா' என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷத்தில் தான் ஒரு தரம்கூட இரண்டு விரல் தூக்கியதில்லை என்பது வேலுத்தாயின் பெருமைகளில் தலையானது. கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

அந்தப் பெருமைக்குச் சாட்சி அங்காளம்மாள். அதே மில்லில் டாப்பராக இருந்தவள். நூல் நிறைந்த குழல்களைக் கழற்றிவிட்டு வெறுங்குழல் மாட்டுகிற வேலை. மில் மூடியதும் இரண்டு ஊருக்கும் நடுவே ரோட்டை விட்டு உள்ளடங்கியிருக்கிற இந்தச் சின்னக் கல்லூரியில் கூட்டிப் பெருக்க முதலில் வந்தவள் அங்காளம்மாள்தான். பின்னாலேயே வேலுத்தாயையும் இழுத்து வந்தாள். இரண்டு விளக்குமாறும் ஆறு வருஷம் ஒரே வராந்தாவில் எதிரெதிராக ஓடின.

வேலுத்தாயின் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கி வைத்தவர் சுயம்புலிங்கம் சார். பௌதிக வாத்தியார். அவருக்கு ஒரு பைத்தியம். செண்பகத்தோப்பு மலையில் இத்தனை அங்குலம் மழை பெய்தால், எந்தக் கண்மாய்க்கு எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். கையால் போட்டால் ஆயுசு போதாத கணக்கு. எண்பத்தாறிலிருந்தே அதை ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் துளையிட்ட அட்டைகளாகக் கட்டிக்கொண்டு, சென்னையில் இருந்த பெரிய கம்ப்யூட்டருக்கு பஸ் ஏறுவார். அங்கே வரிசையில் காத்திருந்து பெட்டியைக் கொடுத்தால், ஓர் அட்டையில் ஒரு புள்ளி தப்பு என்று திரும்பி வரும். ஊருக்கு வந்து திருத்தி மறுபடி பஸ். அந்தக் கணக்கு கம்ப்யூட்டரில் ஓடிய நேரத்தைவிட, அது திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம்.

தொண்ணூற்றேழில் கல்லூரி முதல்வர் புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கி, ஏசி அறையில் வைத்து, கரண்ட் போனாலும் அணையாதபடி பேட்டரியும் கட்டிவிட்டார். பழையவை பதினாறைக் கழித்தார்கள். சுயம்புலிங்கம் சார் அவற்றை மாடிக் கடைசி அறைக்குத் தூக்கிப்போய் ஒரே கேபிளில் கோத்தார். ஒரு பெரிய கணக்கைப் பதினாறாகக் கிழித்துக் கொடுத்தால், பதினாறும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே ஒரே பெரிய கம்ப்யூட்டராக வேலை செய்யும். இதை வேலுத்தாய்க்கு விளக்க ஒரு மணி நேரம் போர்டில் எழுதினார்.

"ஒரே மோட்டார்ல பதினாறு கதிரு. இம்புட்டுத்தான சார்? இதுக்கா இவ்வளவு சாக்பீசத் தேச்சிய?"

அன்றைக்கே அவளை அந்த அறைக்கு ஆளாக வைத்துக்கொண்டார். வைத்த முதல் மாதமே அனுபவித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று நாளாக ஓடுகிற கணக்கு. சார் கல்யாணம் ஒன்றுக்காகச் சிவகாசி போயிருந்தார். சாயங்காலத்துக்குள் ஒன்பது பெட்டிகள் தங்கள் பங்கை முடித்துவிட்டதாகத் திரையில் காட்டின. ஏழு இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. வேலுத்தாய்க்குக் கை பரபரத்தது. மில்லில் குழல் நிறைந்தால் பிரேமை மொத்தமாக நிறுத்தி, நிறைந்ததை எல்லாம் கழற்றி, வெறுங்குழல் மாட்டிவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவார்கள். அதற்கு டாப் எடுப்பது என்று பெயர். விளக்குமாறோடு போன அங்காளம்மாளைக் கூப்பிட்டாள். பழைய சைடரும் பழைய டாப்பரும் சேர்ந்து பதினாறையும் அணைத்தார்கள். பதினாறு பிளாப்பிகளையும் உருவினார்கள். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் நம்பர் போட்டு, ஒரு பூக்கூடையில் அடுக்கி, மேலே துணி மூடி, சாரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டு பேருக்கும் அன்றைக்கு ரொம்பத் திருப்தி.

திங்கட்கிழமை கூடையைத் திறந்து பார்த்த சார் நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"டாப் எடுத்துட்டோம் சார். ஒன்பது நெறஞ்சிருச்சுல்லா?"

"ஏழு ஓடிக்கிட்டு இருந்துச்சேம்மா! மூணு நாள் கணக்கு போச்சு. இனி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

வேலுத்தாய் துண்டை இறக்கினாள். அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"ஏன் சார் முதல்ல இருந்து? நாங்க டாப் எடுத்தாலும் பழைய இழையோட வால் கதிரடியில சுத்திக் கெடக்கும். மறுபடி ஓட்டும்போது அங்கனயிருந்துதான் புடிப்போம். முதல்ல இருந்து யாரு பஞ்சு அடிக்கா? ஒங்க மிஷினுக்கு வாலே கெடையாதா?"

சார் தரையிலிருந்து எழுந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். அப்படி ஒரு வாலைக் கணக்கோடு சேர்த்தே வைக்க வேண்டும் என்று அவர் படித்த புத்தகங்களிலும் இருந்ததுதான். பிறகு செய்துகொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தார். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து எழுதினார். அதிலிருந்து அரைமணிக்கு ஒரு தரம் பதினாறு பெட்டிகளும் தாங்கள் எதுவரை வந்திருக்கிறோம் என்பதைப் பிளாப்பியில் குறித்துக்கொண்டன. நடுவில் நின்றால் அங்கிருந்து தொடரலாம். போர்டில் அதற்கு 'வால்' என்றே எழுதிப் போட்டார்.

கொஞ்ச நாளில் சனிக்கிழமைதோறும் பயிற்சி தொடங்கியது. சாத்தூர், சங்கரன்கோவில், திருவேங்கடம் பக்கத்துச் சின்னக் கல்லூரிகளிலிருந்து வாத்தியார்கள் வந்தார்கள். பெரிய கம்ப்யூட்டர் என்பதைப் பத்திரிகைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். முதல் பாடம் வேலுத்தாயுடையது. யாரையும் உட்கார விடமாட்டாள். சந்தில் நாலு தரம் நடத்துவாள். "எப்பம்மா இதைத் தொடுறது?" என்று ஒருவர் பொறுமை இழந்து கேட்டார். "புறங்கையால தொடுங்க சார். விரலு அடுத்த வாரம்."

சுந்தரபாண்டியத்திலிருந்து, விதைக்கக் காத்திருந்த ஒரு சம்சாரி, மழை எப்போது வரும் என்று விசாரித்து மாடி ஏறி வந்தார். "மழை வந்த பொறவு தண்ணி எப்ப வரும்னுதான் இது சொல்லும் அண்ணாச்சி. மழையக் கூட்டிக்கிட்டு வாரது ஒங்க பாடு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் மோர் கொடுத்தாள்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் டெல்லியிலிருந்து ஒரு குழு வந்தது. மூன்று பேர். கிராமப்புறத்தில் இப்படி ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒரு மையம் வைக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள். சரி என்று எழுதினால் அறை மையமாகும், இன்னும் பதினாறு வரும், வேலுத்தாய் ஆபரேட்டர் ஆவாள். இல்லை என்று எழுதினால் மையம் மதுரைக்கு. இந்தப் பதினாறும் அதே திசையில் லாரி ஏறும். வேலுத்தாய் மறுபடி வராந்தாவுக்கு.

"கூட்டுறது கேவலமில்லட்டி" என்று முதல்நாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அங்காளம்மாளிடம் சொல்லியிருந்தாள், ரெண்டு தெருவுக்குக் கேட்கும்படி. "ஆனா கூட்டுத வேலையில ஒண்ணும் அறுந்து போகாது. அறுந்தாத்தான நான் ஒட்ட முடியும்?"

குழுவில் இரண்டு பேர் தமிழர்கள். மூத்தவர் தனுஷ்கோடி, சென்னைக்காரர். எழுதப்போகிற பேனா அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. சுயம்புலிங்கம் சார் போர்டுப் பக்கம் டெல்லிக்காரருக்கு மலையையும் கண்மாயையும் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். பதினாறு பெட்டிகளின் விசிறி, மேலே இரண்டு மின்விசிறி. பக்கத்தில் பேசுவதே கேட்காத இரைச்சல். தனுஷ்கோடி வாசலோரம் ஒதுங்கி, மற்றவரிடம் உதட்டை மட்டும் அசைத்தார்.

"ஆள் நல்ல ஆள். இடம் சரியில்ல. ஒரு தடவ கரண்ட் போச்சுன்னா ரெண்டு நாள் கணக்கு காலி. மதுரைக்கே குடுத்துருவோம்."

பக்கத்தில் நின்றவருக்கே பாதிதான் கேட்டிருக்கும். முப்பதடி தள்ளி, பதினாறாவது பெட்டியிடம் நின்ற வேலுத்தாய் முழுசும் படித்துவிட்டாள். அது ரகசியம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் இருந்த உலகத்தில் உதடு அசைவதே எதிர் வரிசைக்காகத்தான்.

"அதெப்படி சார் காலியாகும்? வால் கெடக்கே!"

மில் தொண்டை. சாரின் கையில் சாக்பீஸ் ஒடிந்தது. தனுஷ்கோடி தன் சட்டையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார், ஏதோ மைக் மாட்டியிருக்கிறார்கள் என்பதுபோல.

"நான் என்ன சொன்னேன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீங்கதான சொன்னிய? மதுரைக்கே குடுத்துருவோம்னு."

சுயம்புலிங்கம் சாரின் முகம் போர்டைவிடக் கறுத்தது. தனுஷ்கோடி சுதாரித்துக்கொண்டார். "வாலு, காலு எல்லாம் பேச்சுக்கு நல்லா இருக்கும்மா. கரண்ட் போனாத்தான் தெரியும்."

வேலுத்தாய் சுவரோரம் இருந்த மெயின் சுவிட்சைப் பார்த்து நடந்தாள். கணக்கு அப்போது நாற்பத்தோரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று அணைத்துப் பார்த்திருக்கிறார்களே தவிர, பதினாறையும் ஒரே அடியாக யாரும் விழுத்தாட்டிப் பார்த்ததில்லை. அது சாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"வேலுத்தாயம்மா, வேண்டாம்!"

அவள் திரும்பி நின்று ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள். நானே பார்த்துக்கொள்கிறேன். சுவிட்ச் இறங்கியது.

பதினாறு திரையும் ஒரே கணத்தில் செத்தன. அந்த நிசப்தத்தில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் சில்லறை கேட்டது இங்கே கேட்டது என்பார்கள். அதில் பாதியைத் தள்ளிவிடலாம். வேலுத்தாய் சத்தமாக அறுபது வரை எண்ணினாள். சுவிட்சை ஏற்றினாள். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்து, வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தன. சார் சொல்லிக் கொடுத்திருந்த ஒரே ஒரு கட்டளையை ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். சார் கண்ணை மூடிக்கொண்டார். தனுஷ்கோடி பேனாவை எடுத்தார்.

வேலுத்தாய் சந்துக்குள் இறங்கினாள். எப்போதும்போலத்தான் நடந்தாள்; வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. புறங்கை ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டுக்கொண்டே போனது. ஒன்பதாவதில் நின்றது.

"ஏட்டி, விருந்தாளி வந்திருக்கையிலயா?"

கையைப் பின்னால் விட்டு அந்த உலோக மூட்டைக் கால்வாசிச் சுற்று இறுக்கினாள். முதல் திரையில் ஒரு வரி வந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் மழைபோல எண்கள். நாற்பத்தோரு மணி நேரத்தில் போனது பதினேழு நிமிஷம். தனுஷ்கோடி திரையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தாளில் ஏற்கெனவே எழுதியிருந்த எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினார்.

ஜூன் மாதம் காகிதம் வந்தது. இன்னும் பதினாறு வரப்போகிறது. அவற்றுக்காக அடுத்த அறைச் சுவரை இப்போது இடித்துக்கொண்டிருக்கிறார்கள். அறை முழுக்கப் புழுதி. ஊரே சிரித்த அந்தத் துண்டைச் சுயம்புலிங்கம் சாரும் இப்போது மூக்கில் கட்டிக்கொண்டு திரிகிறார். அறை இரண்டு மடங்கானால் தை மாதத்துக்குள் வேலுத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பியும் வந்துவிடுவாள். அப்போது ஆரம்பத்தில் கழித்ததை மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவையும் நான் அந்த அறை வாசலில் வைத்து ஒரு தரம் சொல்லிச் சரிபார்த்தபோது, காரைத் தூளைக் கூட்டிக்கொண்டிருந்த அங்காளம்மாள் விளக்குமாற்றை நிறுத்தினாள்.

"எந்த வெரல ஆச்சி சொல்லுதிய? ஒத்த வெரலா? நல்லாருக்கே கதை! அந்தச் சுவிட்சு துருப்பிடிச்சு இறுகிக் கெடந்துச்சு. பிடிச்சு இழுத்துப் பாத்தா, அசையல. வாசல்ல நின்ன என்னையத் திரும்பிப் பாத்து ரெண்டு வெரலக் காட்டினா. பன்னெண்டு வருசமாக் காட்டாதவ! நானும் ஓடிப் போயி, ரெண்டு பேரும் தொங்கித்தான் எறக்கினோம்."

முப்பதடிக்கு அப்பால், இடிந்த சுவர் ஓரம், பதினாறாவது பெட்டியில் புறங்கையை வைத்தபடி நின்ற வேலுத்தாய் அங்காளம்மாளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டை இறக்கவில்லை. கையை எடுத்து, ஆள்காட்டி விரலைத் தூக்கினாள். செத்த நேரம் அது மட்டும் தனியாக நின்றது. பிறகு மெல்ல, அதன் பக்கத்தில் இன்னொரு விரலும் எழுந்தது.